சொந்த நோடு, வாடகை நோடு

நவம்பர் 3, திங்கள்

காலையில் கரண்ட் போய் வந்தது. போய் வந்தது. மறுபடி போனபோது மாடியிலிருந்து தம்பி ரெனால்ட் ஒரு சத்தம் போட்டான். இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்தி, "என்னட்டி, விழுந்துட்டானா?" என்றாள்.

விழுந்தது அவனில்லை, நோடு.

"நோடுன்னா என்னதுட்டி? தினமும் அந்தப் பேச்சாத்தான இருக்கு" என்று கேட்டாள். எனக்கு இருந்த எரிச்சலில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

நண்டு வலைக்குப் போகிற வள்ளக்காரர்கள் கரைக்கு வந்ததும் எவ்வளவு நண்டு, எந்தப் பக்கம் வலை போட்டது, சினை நண்டைத் திருப்பிக் கடலில் விட்டார்களா என்று போனில் பதிகிறார்கள். அந்தப் பதிவு பிளாக்செயினில் போய் உட்காருகிறது. உலகம் முழுக்க எத்தனையோ கணினிகளில் அதே பிரதி இருப்பதால் பிறகு நானோ நண்டுக் கம்பெனியோ நினைத்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. எங்கோ வெளிநாட்டில் நண்டு டப்பா வாங்குகிறவர் டப்பாமேல் இருக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் காட்டினால், நம்ம ஊர் வள்ளத்தின் பதிவு அவர் முன்னால் வந்து நிற்கும். இதுதான் நானும் ரெனால்டும் சேர்ந்து நடத்தும் தொழில். ஆனால் அந்தச் சங்கிலியில் எழுதவும் அதிலிருந்து படிக்கவும் ஒரு வாசல் வேண்டும். முழுச் சங்கிலியையும் நம்முடைய கணினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அது சொந்த நோடு. இல்லையென்றால் அப்படி நோடு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி அவர்கள் வாசல் வழியாகப் போய்வரலாம். இது வாடகை.

அம்மா கேட்டுவிட்டு, "வீட்டுல போர் போடுததா, முனிசிபாலிட்டி பைப்புல பிடிக்கதான்னு சொல்லு" என்றாள்.

எங்கள் தெருவில் இரண்டிலும் ஒழுங்காகத் தண்ணீர் வருவதில்லை என்பது அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நோட்டின் தரவு பாழாகிவிட்டது. கரண்ட் போன வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றிருக்கிறது. ஆரம்பத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டுமாம். எத்தனை நாளாகும் என்றால், "அதுக்குத்தான் தெரியும்" என்கிறான். அவன்தான் இதை வாங்கச் சொன்னவன், பொருத்தியவன், பேர்கூட வைத்திருக்கிறான். அதனிடம் நான் போய்க் கேட்க வேண்டுமாம்.

நண்டுக் கம்பெனி மேனேஜர் தில்லைநாயகம் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தாமலே கழுத்தைப் பிடிப்பார்.

"மேடம், இன்னைக்கு வந்த வள்ளம் ஒண்ணுக்கும் பதிவு காணலியே."

"வரிசையில நிக்கி சார். நோடு எந்திரிச்சதும் போயிரும்."

"அது எந்திரிக்க வரைக்கும் நண்டு உக்காந்திருக்குமா? டிசம்பர்ல வாங்குத கம்பெனிக்காரங்க ஆடிட் இருக்கு, ஞாபகம் இருக்கா? பதிவு சரியில்லன்னா, வள்ளக்காரங்ககிட்ட நேரா வாங்குத ஏற்பாடே வேண்டாம், முன்ன மாதிரி ஏஜென்ட்டுகிட்டயே எடுத்துக்கிடுங்கன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அதுலயும் வருத்தமில்ல பாத்துக்கிடுங்க. வேலை கம்மி."

அவருக்கு வருத்தமில்லை. ஏஜென்ட் சொல்வதே எடை, ஏஜென்ட் சொல்வதே விலை என்று கிடந்த வள்ளக்காரர்களிடம், இந்த வழி வேறு என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவள் நான்.

நவம்பர் 6, வியாழன்

மழை. ரெனால்டோடு சண்டை.

நான் சொன்னது: நமக்கு இந்த நோடு கட்டுப்படியாகாது. கரண்ட் போனால் விழுகிறது, டிஸ்க் நிறைந்தால் விழுகிறது, மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்து நாம் மாற்றாவிட்டால் விழுகிறது. இதற்கென்றே ஊர் ஊராகக் கணினிகளை அடுக்கிவைத்துப் பார்த்துக்கொள்கிற நிறுவனங்கள் இருக்கும்போது, மழை ஒழுகும் மாடி அறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நாம் ஏன் மாரடிக்க வேண்டும்?

அவன் சொன்னது: "அடுத்தவன் வாசல் வழியாப் போனா, அவன் என்னைக்கு வேணும்னாலும் சாத்துவான்."

"சாத்துனா வேற வாசலுக்குப் போவோம்."

"அவன் காட்டுததுதான் உனக்குச் சங்கிலி. அது முழுசான்னு நீ எப்பிடிக்கா பாப்ப?"

"எல்லாவனும் பொய் சொல்லுவானால?"

"நான் அப்பிடிச் சொல்லல."

அவன் அப்படிச் சொல்லவில்லைதான். பெங்களூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஒருநாள் காலை எப்போதும்போல் கணினியைத் திறந்திருக்கிறான். உள்ளே விடவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி கடவுச்சொல் அடித்திருக்கிறான். வேலை போனதற்கு அதுதான் தகவல். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் இது தொழில்நுட்ப முடிவு. அதில் இதையெல்லாம் கொண்டுவந்து நுழைக்கக் கூடாது.

நவம்பர் 7, வெள்ளி

வாடகை வாசல் எடுத்தாகிவிட்டது. பெயர், மின்னஞ்சல், நிறுவன முகவரி. ஒரு சாவி கொடுத்தார்கள். சாவி என்றால் நீளமாக ஒரு வரி, அவ்வளவுதான். அதை நம் நிரலில் ஒட்டினேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வரிசையில் நின்ற பதிவெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமானதற்காகவா இத்தனை மாதம் என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

மாடிக்குப் போய், இனி நோட்டை அணைத்துவிடலாம் என்று ரெனால்டிடம் சொன்னேன்.

"சரி" என்றான்.

சண்டை போடுவான் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று.

நவம்பர் 8, சனி

மாடியில் இன்னும் சத்தம் கேட்கிறது. ஃபேனாக இருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

குளிர்கிறது என்று அம்மா பெட்டியிலிருந்து போர்வை எடுத்துவிட்டாள். மாடியில் சத்தம். ஃபேன்தான்.

தில்லைநாயகம் கூப்பிடவில்லை. பதிவுகள் மளமளவென்று போகின்றன. தொழில் நடத்துவது இப்படித்தான் இருக்க வேண்டும்.

ரெனால்டிடம் முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மழை விடட்டும் என்றான். மே மாதம் கேட்டபோது வெயில் தாழட்டும் என்றான். ஈஸ்டர் பூசைக்கு வந்ததுதான், அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை. சாப்பாட்டுத் தட்டை அம்மா மாடிப்படியில் வைத்துவிட்டு வருகிறாள். நான் அதைக் கண்டித்தேன். "நீ சும்மா கிடட்டி" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

வாடகை வாசல்காரர்களிடமிருந்து வாழ்த்து மடல் வந்திருக்கிறது. உங்கள் முதல் வாரம் இனிதே கழிந்தது என்று பட்டாசு வெடிக்கும் படம். வேலை செய்கிற பொருளை வேலை செய்கிறது என்று கொண்டாடுகிறவர்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரெனால்ட் மத்தியானம் கீழே வந்து சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கினான். டிஸ்கின் வேகம் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொன்னான். எந்த டிஸ்க் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 15, சனி

யு.பி.எஸ். பாட்டரி மாற்றினேன். பழையது மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. கடைக்காரர் கொண்டுவந்து எங்கே வைக்க என்று கேட்டார். மாடியில் என்றேன். கீழே இடமில்லை.

நவம்பர் 19, புதன்

இன்றுவரை நிம்மதியாக இருந்தது தப்பு என்று தெரிந்தது.

காலையில் தில்லைநாயகம். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"மேடம், சூசை மரியான்னு ஒரு வள்ளக்காரர். ஆகஸ்ட்ல அவருகிட்ட எடுத்த நண்டு டப்பாவ வெளிநாட்டுல சோதிச்சிருக்காங்க. பதிவு இல்லன்னு வருது."

"இருக்காதே சார். நான் பாத்த பதிவு."

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். எங்கள் இணையப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு வரி: இந்த டப்பாவுக்குப் பதிவு ஏதும் இல்லை. வாடகை வாசலிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். பிழை என்று சொல்லவில்லை. தாமதம் என்று சொல்லவில்லை. காலியாக ஒரு பதில் கொடுத்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல.

"வேற யாரோ பிடிச்சத அவரு பேர்ல குடுத்திருப்பாருன்னு இங்க பேசுதாங்க. விசாரிச்சு முடிக்க வரைக்கும் அவரு நண்ட எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"விசாரிக்க முன்னாடியே எப்பிடி சார் நிறுத்துவீங்க?"

"பிளாக்செயின் பொய் சொல்லாதுன்னு நீங்கதான மேடம் எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க."

எடுத்தேன். படமெல்லாம் போட்டு எடுத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

சூசை மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். நனைந்த சட்டையோடு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, ஈரம் என்று மறுத்துவிட்டார். முதன்முதலில் எங்கள் பேச்சை நம்பிச் சேர்ந்தவர் அவர். மற்றவர்கள் தயங்கியபோது, "வாத்தியார் வீட்டுப் பிள்ளைக சொல்லுது, பொய்யா இருக்காது" என்று சொல்லி அவர்களையும் கூட்டிவந்தவர். அப்பாவை ஊரில் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள்.

"ஏ ஜெசி, நான் களவாணிப்பய ஆயிட்டனாம்."

"யாரு மாமா சொன்னது?"

"ஏலக்கூடத்துல வச்சு அந்த ஏஜென்ட் ஆளு சொல்லுதான். 'என்ன சூசை, அழியாத எழுத்துன்னிய, மழையில கரைஞ்சிட்டோ'ங்கான். எல்லாவனும் சிரிக்கான்."

"தப்பு எங்க பக்கம்தான் மாமா. சரி பண்ணிருதேன்."

"நீ சரி பண்ணுவ பிள்ள, நான் இல்லங்கல. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. நான் அன்னைக்குப் பதிஞ்சனா இல்லியா?"

"பதிஞ்சீங்க."

"அப்ப அது எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, பார்க்கிற வாசல்தான் மூடியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அம்மா காபி கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தார். போகும்போது டம்ளரை அவரே குழாயில் கழுவி வைத்துவிட்டுப் போனார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

வாடகை வாசல்காரர்களின் உதவிப் பக்கத்தில் காலை முழுவதும் போயிற்று.

முதலில் வந்தது இயந்திரம். என் கேள்வியை அழகாகச் சுருக்கி எனக்கே திருப்பிச் சொன்னது. பிறகு, என் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டது. இல்லை என்றேன். வருந்துவதாகச் சொன்னது. சாவியைச் சரியாக ஒட்டியிருக்கிறேனா என்று பார்க்கச் சொன்னது. ஒட்டியிருக்கிறேன் என்றேன். அருமை, பிரச்சினை தீர்ந்ததா என்றது.

மனிதர் வேண்டும் என்று பல விதமாக எழுதிய பிறகு ஒரு மனிதர் வந்தார். மனிதர்தான் என்று எப்படித் தெரிந்ததென்றால், எழுத்துப் பிழை இருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் திட்டத்தில் சமீப காலத்துப் பதிவுகளை மட்டுமே தேடலாம். அதற்கு முந்தையதைத் தேடினால் பதில் காலியாக வரும்.

பிழை என்று சொல்லாமல் ஏன் காலியாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அது கோளாறு இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்றார்.

பெரிய திட்டத்துக்கு உடனே மாற்றுங்கள் என்றேன். அதற்கு விற்பனைக் குழுவினர் என்னோடு பேச வேண்டும், நிறுவன ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும், அடுத்த வாரம் நேரம் ஒதுக்கித் தருகிறோம் என்றார். இங்கே ஒருவர் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். புரிகிறது, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன்போல. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 22, சனி

காலை ஜெபம் முடிந்ததும் மாடிக்குப் போனேன். ரெனால்ட் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டியில் பச்சை விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. அறையைப் பெருக்கியிருந்தான். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வாளி வைத்து, பெட்டியை எதிர்ச்சுவர் பக்கம் நகர்த்தியிருந்தான்.

"ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்குல்லா" என்றேன்.

"ம்."

"அந்த ஃபேன்ல ஆகஸ்ட் மாசப் பதிவு இருக்குமா?"

"நேத்தே முழுசா ஏறிட்டுக்கா. எல்லா மாசமும் இருக்கு."

"நேத்தே ஏறிட்டுன்னா நேத்தே சொல்லதுக்கு என்ன?"

"அணைக்கச் சொன்னீயே."

அறைந்திருப்பேன். அந்த வயதெல்லாம் இரண்டு பேருக்கும் தாண்டிவிட்டது. அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். சூசை மாமாவின் வள்ளம், தேதி, எடை, வலை போட்ட இடம், திருப்பிவிட்ட சினை நண்டு. எல்லாம் இருந்தது. வெளியார் யாரிடமும் கேட்காமல், எங்கள் வீட்டு மாடியிலிருந்தே.

"அவர வரச் சொல்லு. நான் காமிக்கேன்" என்றான்.

சொன்னது ரெனால்ட். யாரையாவது வரச் சொல்லச் சொன்னது.

சூசை மாமா வந்தார். மாடிப்படி ஏறி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ரெனால்ட் திரையில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் அதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். "அன்னைக்கு எம்பேத்திக்கு ஞானஸ்நானம். கடலுக்குப் போக வேண்டாம்னு வீட்டுல சொன்னாவ. கேக்காமப் போனேன். நல்ல பாடு, வலை நெறைய நண்டு. சினை நண்டு கூடக் கிடந்துது. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன்." எண்ணிக்கையைத் திரையில் பார்த்ததும் விரலை வைத்துக் காட்டினார். அதேதான் என்று தலையை ஆட்டினார்.

பிறகு ரெனால்டைத் திரும்பிப் பார்த்து, "நீ வாத்தியாருக்குச் சின்ன மவந்தானல? எங்கல கிடந்த இவ்வளவு நாளா?" என்றார்.

"இங்கதான் மாமா."

"இங்கயே கிடந்தா எப்பிடில" என்றார். நான் சொன்னால் கதவைச் சாத்தியிருப்பான். அவரைப் பார்த்துச் சிரித்தான்.

நவம்பர் 24, திங்கள்

தேடுகிற வாசலை எங்கள் நோட்டுக்கு மாற்றிவிட்டோம். ஆகஸ்ட் டப்பாக்களெல்லாம் மறுபடி பேசுகின்றன. தில்லைநாயகத்திடம் காட்டினேன்.

"எனக்குச் சரிதான் மேடம். ஆனா இப்ப நான் மட்டும் சரின்னா போதாது. விஷயம் மேல போயிட்டு. ஆடிட்ல அவங்க ஒத்துக்கிடணும். அதுவரைக்கும் சூசை நண்டு எடுக்க முடியாது."

போனை வைத்த பிறகு, வைப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

நவம்பர் 27, வியாழன்

இப்போது நான் சொந்த நோடு கட்சி. வாடகை வாசலை ரத்துசெய்கிறேன் என்றேன். ரெனால்ட், வேண்டாம் என்கிறான்.

"மூணு வாரம் முன்னாடி இதே வாயாலதான அடுத்தவன் வாசல் கூடாதுன்ன?"

"அதயே நம்பிக் கிடக்கக் கூடாதுன்னேன். நம்மதையே நம்பிக் கிடந்தாலும் அதே கதிதான்க்கா. போன தடவ விழுந்தது நம்மதுதான? ரெண்டும் இருக்கட்டும். ரெண்டுகிட்டயும் ஒரே கேள்வியக் கேப்போம். பதில் வேற வேறயா வந்தா நமக்குச் சொல்லட்டும். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு ஓடட்டும்."

சரியான யோசனை. எனக்கு இரண்டு மடங்கு வேலை. இவனோடு ஒரு பக்கமாக நின்று சண்டைபோடக்கூட முடியாது.

டிசம்பர் 3, புதன்

ஆடிட். வாங்குகிற கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து யாமினி என்ற பெண் திரையில் வந்தாள். தரப் பிரிவுத் தலைவி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசினாள். நான் கீழே என் மேஜையில், தில்லைநாயகம் அவர் அலுவலகத்தில். ரெனால்ட் மாடியிலிருந்து சேர்ந்திருந்தான், கேமராவை அணைத்துவிட்டு. கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும்.

நான் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா பாருங்க, போன மாசம் பதிவு இல்லன்னு வந்துச்சு. இப்ப இருக்குன்னு வருது. நடுவுல மாறினது என்னன்னா, வெளி கம்பெனி வழியா படிச்சிட்டிருந்தத உங்க வீட்டு மாடில இருக்கற மெஷினுக்கு மாத்தியிருக்கீங்க. உங்க மெஷின் சொல்றத நான் எதுக்கு நம்பணும்?"

இத்தனை வாரமாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத கேள்வி. சொந்த நோடு எங்களுக்குத்தான் சொந்தம். அவளுக்கு அதுவும் அடுத்தவர் வாசல்தான்.

தில்லைநாயகம் தொண்டையைக் கனைத்தார். அந்த நேரத்தில் கறுப்புக் கட்டம் விலகி ரெனால்டின் முகம் வந்தது. தாடியும் அந்த முடியும். பின்னால் கொடியில் துண்டு.

"நீங்க நம்ப வேண்டாம் மேடம்" என்றான்.

"சாரி?"

"எங்க மெஷின நம்ப வேண்டாம். வாடகைக் கம்பெனியவும் நம்ப வேண்டாம். உங்க ஆபீஸ்ல நீங்களே ஒண்ணு வைங்க. சங்கிலி ஒண்ணுதான். ஆரம்பத்துலேருந்து நீங்களே இறக்கி, நீங்களே தேடிப் பாருங்க. சூசை மரியான் பதிவு அதுல இல்லன்னா நாங்க தொழில விட்டுருதோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னைக் கேட்காமல் சொன்னான்.

யாமினி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எங்க கிட்ட அது தெரிஞ்சவங்க யாரும் இல்லையே."

"வந்து வச்சுத் தாரேன்" என்றான்.

கூட்டம் முடிந்த பிறகு நான் மாடிக்குப் போகவில்லை. போனால் ஏதாவது கேட்பேன். கேட்டால் இல்லை என்றுவிடுவான்.

டிசம்பர் 5, வெள்ளி

யாமினியிடமிருந்து மடல். அவர்கள் அலுவலகத்தில் நோடு வைக்கச் சம்மதம். திங்கள் வர முடியுமா? அது ஏறி, பதிவும் சரியாக இருந்துவிட்டால் ஆடிட் முடிந்தது. நேரடிக் கொள்முதல் அடுத்த வருடமும் தொடரும்.

ரெனால்டுக்கு எதற்குக் கஷ்டம் என்று நானே போவதாக ரயிலில் இடம் பார்த்தேன். சாப்பிடும்போது சொன்னேன்.

"நீ போயி என்ன செய்வ? அது பாதியில விழுந்தா எழுப்பத் தெரியுமா?" என்றான்.

"நீ போனுல சொல்லு, நான் செய்யுதேன்."

"அதுக்கு நானே போயிரலாம்."

அம்மா அகப்பையைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு நின்றாள். நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒன் இஷ்டம்" என்றேன். கொஞ்சம் கடுப்பாகச் சொன்னேன். கடுப்பாகச் சொன்னால்தான் சரியாக இருக்கும்போல் இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது ரெனால்ட் வீட்டில் இல்லை. மாடியில் இல்லை. குளியலறையில் இல்லை. அம்மா அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள். போன் மேலே கட்டிலில் கிடந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். கடற்கரைச் சாலை வரைக்கும் போனேன். சொன்னால் வெட்கம், பாதி தூரம் ஓடினேன்.

திரும்பி வரும்போது எதிரே வந்தான். முடி வெட்டியிருந்தான். முகம் சவரம் செய்து பச்சையாக இருந்தது.

"சொல்லிட்டுப் போனா என்னல?"

"கடையில கூட்டம். ஞாயித்துக்கிழமைன்னு ஞாபகமில்ல" என்றான். பிறகு, "நீ எதுக்குக்கா மூச்சு வாங்குத?" என்றான்.

வெயில் என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினான். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றுவிட்டான். நாங்கள் போகவில்லை. சூசை மாமா போயிருக்கிறார், யார் சொன்னார்களோ. பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, வண்டி நகரும்வரை நின்றாராம்.

டிசம்பர் 9, செவ்வாய்

அவனிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "ஏறிட்டிருக்கு. இங்க நெட் பறக்கு."

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் தில்லைநாயகம் கூப்பிட்டார். சென்னை அலுவலக நோட்டில் சூசை மரியானின் பதிவு அப்படியே இருக்கிறதாம். நாளையிலிருந்து அவர் நண்டை எடுக்கிறார்கள். "நல்லவேளை மேடம்" என்றார். நல்லவேளை என்பதற்கும் மன்னிப்பு என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சூசை மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்த ஏஜென்ட் ஆளு ஏலக்கூடத்துலதான் நிக்கான், இரு" என்று இணைப்பைக்கூடத் துண்டிக்காமல் போய்விட்டார். அங்கே நடந்ததை முழுக்கக் கேட்டேன். எழுதும்படியான வார்த்தைகள் இல்லை.

மத்தியானம் ரெனால்ட் கூப்பிட்டான். எடுத்ததுமே பொரிந்து தள்ளினான்.

"இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியலக்கா. நெட்வொர்க் ஆளு சாப்பிடப் போனான்னா வரவே மாட்டங்கான். சுத்தம் பண்ணுதேன்னு காலையில ஒருத்தன் பிளக்கப் பிடுங்கிட்டான். கேட்டா என்னைய முறைக்கான். அந்த மேடம் வேற, அவங்க கொச்சி ஆபீஸ்லயும் ஒண்ணு வைக்கணுமாம், போயிட்டு வர முடியுமாங்காங்க. நான் என்ன மெஷின் வைக்கதுக்கே பிறந்திருக்கனா? கேன்டீன்ல சாம்பார் இனிக்கி. ரூம்ல கொசு. திரும்பி வர இன்னும் ஒரு வாரம் ஆகும்போல."

"ஆகட்டும்" என்றேன்.

"என்னத்த ஆகட்டும்? உனக்கு அங்க உக்காந்துக்கிட்டு ஈசியா இருக்கு." வைத்துவிட்டான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தாள். "என்னட்டி சொல்லுதான்? நல்லா இருக்கானா?"

"எரிச்சல்ல இருக்கான்."

"யாரு மேல?"

"எல்லாரு மேலயும்."

அம்மா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துத் திரும்பி, "நன்றி மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.